நூற்றிருபத்தைந்து மேதைகளும் ஒரு மஞ்சள் பூவும்

அம்மா சொன்னது மூன்றே சொற்கள்.

"அன்னைக்கு மழை பெய்யல."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். வீடுதான் அன்றிலிருந்து ஐந்து நாளாக நனைந்துகொண்டிருந்தது.

ஊரிலேயே பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நூற்றிருபத்தைந்து வயது நிறைகிறது. அதை ஒட்டி, அங்கே படித்தும் பாடம் சொல்லியும் பேர் எடுத்த நூற்றிருபத்தைந்து பேரைப் பொறுக்கிப் புத்தகம் போடுகிறார்கள். முன்மண்டபத்துச் சுவரில் கல்லிலும் வெட்டப் போகிறார்கள். வருஷத்துக்கு ஒரு மேதை வீதம் கணக்கு. பல்கலைக்கழகத்தின் பதிப்புப் பிரிவில் மெய்ப்புப் பார்ப்பவள் இந்த வீட்டுச் சின்னவள். அதனால் நூற்றிருபத்தைந்து பேரும் நாலு மாதமாக அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் குடியிருந்தார்கள்.

நாட்டை ஆண்டவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவரைச் சிறைக்கு அனுப்பிய நீதிபதி ஒருவர். சிறையிலிருந்தே படித்து முதல் வகுப்பில் தேறியவர் ஒருவர். பதினோரு மொழி தெரிந்தும் வீட்டில் வாயே திறக்காத மொழியியலாளர் ஒருவர். மூன்று பாலம் கட்டிய பொறியாளர் ஒருவர். நடுவில் ஒன்று ஆற்றோடு போய்விட்டதால் அதை இரண்டு பாலம் என்று திருத்தியவள் சின்னவள்தான். இவர்களின் பேரன் பேத்திகள் தினமும் போன் போட்டு, படத்தில் தாத்தாவுக்கு இன்னும் கொஞ்சம் முடி வரவழைக்க முடியுமா என்று கேட்டார்கள்.

நாற்பத்தேழாவது மேதை தாவரவியல் பேராசிரியர். காலமாகிவிட்டார். 'கொட்டும் மழையில், தன்னந்தனியாக மலையுச்சி ஏறி, உலகம் அதுவரை அறியாத மஞ்சள் பூப் புதர் ஒன்றைக் கண்டெடுத்தவர்' என்று அவரைப் பற்றிய குறிப்பில் இருந்தது. அதைச் சின்னவள் போன வியாழக்கிழமை சத்தம் போட்டுப் படித்தாள். அப்போதுதான் அம்மா அந்த மூன்று சொற்களைச் சொன்னாள்.

மழை பெய்யவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கப்போய்த்தான், முப்பத்தாறு வருஷம் மூடியிருந்த கதவு திறந்தது.

அம்மா அதே துறையின் ஹெர்பேரியத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். செடிகளைக் காயவைத்துத் தடித்த தாளில் ஒட்டி, அலமாரியில் அடுக்கி வைக்கும் கூடம் அது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அம்மா பசை தடவுகிற வேலை பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவள் அந்தப் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்ததோ, மஞ்சள் பூவைப் பறித்து வந்தது அவள்தான் என்பதோ அவர்களுக்குத் தெரியாது. மலையிலிருந்து இறங்கி வந்து இரண்டு சந்தோஷச் சேதி சொன்னாளாம். ஒன்று, புதுச் செடி. இன்னொன்று, வயிற்றில் குழந்தை. பேராசிரியர் இரண்டாவதற்கு மட்டும் பதில் சொன்னார்: இனி மலை ஏற முடியாது, பேசாமல் வீட்டைப் பாருங்கள். ஆராய்ச்சிப் பதிவிலிருந்து பெயரை எடுத்தார். அடுத்த வருஷம் செடி அவர் பெயரில் உலகத்துக்கு அறிமுகமானது. அதற்கடுத்த வருஷம், பெரிய மனசு பண்ணி, அவளுக்கு உதவியாளர் வேலை போட்டுக் கொடுத்தார்.

அந்தச் செடியைப் பூச்சி அரிக்காமல் முப்பத்தொரு வருஷம் காப்பாற்றியவள் அம்மா. அதன்மேல் ஒட்டியிருந்த பெயரையும் சேர்த்துத்தான்.

இன்று செவ்வாய்க்கிழமை. பட்டியல் மீது ஆட்சேபணை சொல்லக் கடைசி நாள். பதினோரு மணிக்குக் குழு கூடுகிறது. நாளைக்குக் கல்வெட்டுக்காரர் உளியை எடுத்துவிடுவார்.

*

காலை ஏழரை மணிக்கு அண்ணன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தானே தவிர, வாயில் ஒரு துண்டும் போகவில்லை. வீட்டில் அவனுக்கு வாத்தியார் என்று பெயர். அதே தாவரவியல் துறையில் ஆறு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளன். அவனை நிரந்தரமாக்கும் கோப்பு, துறைத்தலைவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. துறைத்தலைவர், காலமான பேராசிரியரின் சொந்த மருமகன். உலகத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ மாமனார் இருக்க, இப்படி அமைந்தது.

இரண்டே மாதம் பொறுத்துக்கொள்ளச் சொன்னான் அண்ணன். கையெழுத்து விழட்டும், அப்புறம் எந்த மேடையில் வேண்டுமானாலும் தானே ஏறிப் பேசுவதாகச் சொன்னான்.

"கல்லுல வெட்டினதை ரெண்டு மாசம் கழிச்சு ரப்பர் வெச்சு அழிப்பியாண்ணா?" என்றாள் சின்னவள்.

"உனக்கென்ன. நீ நிரந்தரம்."

"நான் கமாவுக்குக் காவல் இருக்கறவ. என் வேலைக்கு யாரு போட்டிக்கு வரப்போறாங்க?"

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அப்பா, நிலவரத்தைச் சமாளிக்கத் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். அந்த நூற்றிருபத்தைந்து பேரில் பதினெட்டுப் பேருக்குக் கண்ணாடி போட்டது தான்தான் என்றும், அவர்கள் கண்டுபிடித்ததையெல்லாம் தன் வழியாகத்தான் பார்த்தார்கள் என்றும், ஆனாலும் தான் கல்லில் இடம் கேட்கவில்லை என்றும் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா தேநீரை ஆற்றினார். பிறகு வேறு குரலில் அம்மாவிடம் சொன்னார்: "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீங்க அவருக்குப் பவரை மாத்திக் கண்ணாடி கொடுத்திருப்பீங்க."

அப்பா யோசித்துப் பார்த்தார். கொடுத்திருப்பேன் என்று ஒத்துக்கொண்டார்.

அம்மா மட்டும் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். உள்ளே போய், துணிகளுக்கு அடியிலிருந்து பச்சை அட்டை போட்ட களக் குறிப்பேட்டை எடுத்து வந்து சின்னவளின் பையில் போட்டாள்.

"என் புத்தகம். பத்திரமா திருப்பிக் கொண்டுவா."

அண்ணன் ரொட்டித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். செருப்பைக் காலில் மாட்டிய விதத்திலேயே பாதிச் சண்டை இருந்தது.

*

பதிப்புப் பிரிவின் தலைமை அலுவலருக்குச் சின்னவள் வைத்த பெயர் முற்றுப்புள்ளி. எந்தப் பேச்சையும் முடித்து வைத்துவிடுவார். ஆட்சேபணைப் படிவம் கேட்டவளிடம், நாமே தயாரிக்கும் புத்தகத்துக்கு நாமே ஆட்சேபணை சொல்வது சமையற்காரர் சாப்பாட்டைத் திருப்பி அனுப்புவது மாதிரி என்றார். சாப்பாட்டில் கல் இருந்தால் முதலில் சொல்ல வேண்டியது சமையற்காரர்தான் என்றாள் இவள். அவர் படிவத்தைக் கொடுத்தார்.

'பல்கலைக்கழகத்துடன் தங்களுக்கு உள்ள தொடர்பு' என்ற கட்டத்தில் சின்னவள் ஒரே சொல் எழுதினாள்: மகள்.

"இதெல்லாம் ஒரு பதிலா?" என்றார்.

"இதைவிடப் பெரிய தொடர்பு எனக்கு இல்ல சார்."

அவர் குறிப்பேட்டைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். இதை வைத்துக்கொண்டு ஒன்றும் நிற்காது, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஒரு நோட்டில் எழுதலாம், ஆதாரம் என்பது பல்கலைக்கழகத்தின் அலமாரிக்குள்ளேயே இருந்தால்தான் ஆதாரம் என்றார். அத்துடன் முடித்துவிடுவார் என்று அவள் நினைத்தாள். அவரோ கைக்கடிகாரத்தைப் பார்த்து, தான் தேநீர் குடிக்கப் போவதாகவும், இன்றைக்கு அது ரொம்பச் சூடாக இருக்கும், ஆறுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றும் ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

சின்னவள் ஹெர்பேரியத்துக்கு ஓடினாள்.

நீளமான கூடம். இரும்பு அலமாரிகள், பாச்சை உருண்டை வாசனை. சின்ன வயதில் அம்மாவின் மேல் எப்போதும் இருந்த வாசனை. அம்மா இருந்த மேசையில் இப்போது இருக்கும் பெண், யார் எந்தத் தாளை எடுத்தாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், கூடத்துக்கு வெளியே கொண்டுபோகத் துறைக்காரர்களால்தான் முடியும் என்றாள்; அம்மா போட்ட சட்டம் என்றாள். சின்னவள் போட்டாள். சிவப்பு உறைக்குள் இருந்தது அந்த மஞ்சள் பூ. மஞ்சள் போய்த் தேநீர் நிறமாகியிருந்தது. கீழே தட்டச்சடித்த சீட்டு: பேராசிரியர் பெயர், தேதி, எண் 1143.

ஒன்றும் புரியவில்லை அவளுக்கு. எதிலாவது பிழை இருந்தால் கண்டுபிடித்துவிடுவாள். இதில் எது சரி என்றே தெரியவில்லை.

"மூடி வை."

அண்ணன். அடுத்த அறையில் வகுப்பு முடித்து வந்திருந்தான். குரலை உயர்த்த முடியாத இடத்தில் சண்டை போடுவதில் இருவருக்கும் பழக்கம் உண்டு. ஒரே அறையில் படித்து வளர்ந்தவர்கள். கிசுகிசுப்பாகவே அவளைச் சுயநலக்காரி என்றான். கிசுகிசுப்பாகவே அவனைக் கோழை என்றாள். அப்போது அவள் கையிலிருந்த தாள் ஒரு பக்கம் சாய்ந்தது.

"சாய்க்காதே. ரெண்டு கையாலயும் படுக்க வெச்சுப் பிடி. பூ உதிர்ந்துடும்." கோபமெல்லாம் எங்கேயோ போய், பதறி அதை வாங்கினான். வாங்கியவன் கண் சீட்டில் விழுந்தது.

அப்படியே நின்றான்.

செடி சேகரிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலாகப் பறித்த செடிக்கு ஒன்று என்று எண் போட்டால், அப்புறம் கடைசிவரை அதே வரிசைதான். ஊர் மாறலாம், உத்தியோகம் மாறலாம், எண் மட்டும் தொடரும். ஒரே எண்ணை இரண்டு செடிக்குப் போடவே மாட்டார்கள். ஆளுக்கு ஒரு வரிசை, ஆயுளுக்கு ஒரு வரிசை.

"ஆயிரத்து நூத்தி நாப்பத்திமூணு ஒரு புல்லு," என்றான் அண்ணன்.

"என்னண்ணா சொல்றே?"

"இவரோட ஆயிரத்து நூத்தி நாப்பத்திமூணு ஒரு புல்லு. என் தீசிஸ்ல இருக்கு. இதுக்குப் பதினஞ்சு வருஷம் கழிச்சுப் பறிச்சது." சீட்டிலிருந்த தேதியில் விரலை வைத்தான். "இந்தச் செடி பறிச்ச வருஷத்துல இவர் முந்நூறைக்கூடத் தாண்டலை."

பேராசிரியர் மலையைவிட மேடை அதிகம் ஏறியவர். அம்மா அப்படியில்லை. சின்னவள் பச்சைக் குறிப்பேட்டைத் திறந்தாள். ஒரே பக்கத்தில், ஒரே தேதியில், மூன்று எண்கள். 1142, ஒரு பெரணி. 1143, மஞ்சள் பூப் புதர், இதுவரை பார்க்காதது. 1144, ஒரு கொடி. வானிலைக் கட்டத்தில் சின்ன எழுத்தில்: நல்ல வெயில்.

பெயரை மாற்றத் தெரிந்தவருக்கு எண்ணை மாற்றத் தோன்றவில்லை. பதினைந்து வருஷம் கழித்துத் தன் வரிசையிலும் அதே எண் வந்து நிற்கும் என்று நினைத்துப் பார்க்கவுமில்லை. எத்தனை செடி பறிக்கப் போகிறோம் என்பதில் அவருக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை போலிருக்கிறது.

அண்ணன் தாளைச் சிவப்பு உறைக்குள் வைத்தான். ஓரம் மடங்காமல் மூடினான்.

"நான் இங்க வரல. நீ என்னைப் பார்க்கல," என்றான்.

திரும்பிப் பார்க்காமல் நடந்தான். சின்னவளுக்கு வந்த ஆத்திரத்தில், செடிகளோடு சேர்த்து அவனையும் ஒரு தாளில் ஒட்டிவிடலாம் போலிருந்தது.

*

குழு அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஓய்வு பெற்ற நாளில் கொடுத்த அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். எப்போது வந்தாய் என்று கேட்டதற்கு, புத்தகத்தை நீ பத்திரமாகக் கொண்டு வருவாயோ என்று சந்தேகமாக இருந்தது என்றாள்.

இவர்களுக்கு முன்னால் போனவர் சிவந்த முகத்தோடு வெளியே வந்தார். தன் மாமாவைத் தொண்ணூற்றெட்டாவது இடத்திலிருந்து முதல் பத்துக்குள் கொண்டுவரக் கேட்டாராம். பட்டியல் அகரவரிசை என்றார்களாம். அப்படியானால் மாமாவின் பெயரை மாற்ற முடியுமா என்று கேட்டாராம்.

உள்ளே மூன்று பேர். நடுவில் குழுவின் தலைவி, எழுபது தாண்டிய கணிதப் பேராசிரியை. பட்டியலில் பன்னிரண்டாவது ஆளும் அவர்தான். அவரைப் பற்றிய குறிப்பு 'பிரபல வழக்கறிஞரின் மனைவி' என்று ஆரம்பித்ததைச் சிவப்பு மையால் தாள் கிழிகிற அளவுக்கு அடித்துத் திருப்பி அனுப்பியவர். அந்தக் கிழிசலை நம்பித்தான் சின்னவள் வந்திருந்தாள். வலப்பக்கம் துணைப் பதிவாளர். இடப்பக்கம் துறைத்தலைவர், அதாவது மருமகன்.

துறைத்தலைவர் எழுந்து நின்றே வரவேற்றார். அம்மாவைத் தனக்கு முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும் என்றும், அவர்கள் தங்கள் துறையின் தூண் என்றும் சொன்னார். வயதானால் பழைய நினைவுகள் ஒன்றோடொன்று கலந்துபோவது இயல்புதான், அதில் தப்பில்லை என்றார். புத்தகத்தின் கடைசியில் 'அர்ப்பணிப்புள்ள ஊழியர்கள்' என்று ஒரு பக்கம் சேர்க்கலாம், அதில் அம்மாவின் படத்தைப் பெரிதாகவே போடலாம் என்றார். அவர் குரலில் அவ்வளவு தேன் வழிந்தது.

"தூணுக்கு எதுக்கு சார் படம்?" என்றாள் அம்மா.

கணிதப் பேராசிரியை பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"பட்டியல்ல என் பேர் வேண்டாம்," என்றாள் அம்மா. "நான் பட்டம் வாங்கலை. அது உண்மை. அவரை எடுத்துடுங்கன்னும் சொல்லலை. நல்லா பாடம் நடத்துவார், அதுவும் உண்மை. அந்த ஒரு வரி மட்டும் பொய். அந்தச் செடி நான் பறிச்சது. அதை மாத்துங்க."

குறிப்பேடு மேசைமேல் போனது. துறைத்தலைவர் அதைத் தொடக்கூட இல்லை. நோட்டில் யாரும் எழுதலாம், இறந்தவர் வந்து பதில் சொல்ல முடியாது என்றார். சின்னவள் எண் கணக்கைச் சொன்னாள். அவசரத்தில் பெரணியையும் கொடியையும் மாற்றிச் சொன்னாள். நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினாள்.

"ஒரே ஆள், ஒரே எண், ரெண்டு செடி. அப்படி நடக்குமா?" கணிதப் பேராசிரியை துறைத்தலைவரைக் கேட்டார்.

தட்டச்சுப் பிழையாக இருக்கலாம் என்றார் அவர். இந்தப் பெண் மெய்ப்புத் திருத்துபவர், எழுத்துப் பிழையைத் தாண்டி ஹெர்பேரியத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்றும் கேட்டார். துணைப் பதிவாளர் தலையை ஆட்டி எதையோ எழுதினார். விஷயம் தெரிந்த யாராவது வந்து சொல்ல வேண்டும், செடி ஒட்டிய அந்தத் தாள்களும் இங்கே வந்தாக வேண்டும் என்றார் கணிதப் பேராசிரியை. அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்தை வைத்துக்கொண்டு கல்வெட்டை நிறுத்த முடியாது.

கதவு இடிபட்டது. யாரோ தோளால் தள்ளினார்கள்.

அண்ணன் உள்ளே வந்தான். இரண்டு கையிலும் படுக்கைவாட்டில் ஒரு பலகை. அதன்மேல் நாலு தாள். தூங்குகிற குழந்தையை எடுத்துவருகிறவன் மாதிரி அடி எடுத்து வைத்து வந்து, மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினான்.

"நாலையும் நான்தான் எடுத்துட்டு வந்தேன். ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்."

துறைத்தலைவர் மெதுவாக, மிகவும் மரியாதையாக, தன் மேசைமேல் எந்தக் கோப்பு இருக்கிறது என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு சார். மேலேருந்து மூணாவது."

சின்னவள் அண்ணனைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம்தான். இப்போதுதான் பார்ப்பதுபோல் இருந்தது.

அண்ணன் விரலை வைத்துக் காட்டினான். ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு, சேகரித்தவர் அம்மா. நாற்பத்து நாலு, அம்மா. இடையில் நாற்பத்து மூன்று, பேராசிரியர். தள்ளி இன்னொரு நாற்பத்து மூன்று, புல், அதுவும் பேராசிரியர்.

"முன்னாலயும் எங்கம்மா. பின்னாலயும் எங்கம்மா. நடுவுல மட்டும் உங்க மாமனார். ஒரே நாள், ஒரே மலை. தட்டச்சுப் பிழைன்னு நீங்களே ஒருதரம் இதைப் பார்த்துட்டுச் சொல்லுங்க சார்."

துறைத்தலைவர் பார்க்கவில்லை. தண்ணீர் குடித்தார்.

கணிதப் பேராசிரியை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு, நாற்பத்தேழாவது குறிப்பு அச்சுக்கும் போகாது, கல்லுக்கும் போகாது, வெளியிலிருந்து இரண்டு தாவரவியலாளர்கள் வந்து பார்த்த பிறகுதான் மற்றது என்று துணைப் பதிவாளரை எழுதச் சொன்னார். நூற்றிருபத்தைந்தாம் ஆண்டுக்கு நூற்றிருபத்துநாலு பேர் என்றால் பார்க்க நன்றாக இருக்காதே என்று இழுத்தார் துறைத்தலைவர்.

"கூட்டல் கழித்தல் எனக்குத் தெரியும்," என்றார் கணிதப் பேராசிரியை. "அந்த இடம் காலியாவே இருக்கட்டும்."

*

வெளியே படிக்கட்டில் மூவரும் நின்றார்கள். நல்ல வெயில்.

"என் வேலை போச்சும்மா," என்றான் அண்ணன். சொல்லிவிட்டு, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்தவன்போல் விழித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "என்னாலதானே உன் படிப்பு போச்சு. நான் வயித்துல வந்ததாலதானே."

அம்மா அவன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த காய்ந்த இலைத் துணுக்கை எடுத்தாள்.

"நீயும்தான்டா அன்னைக்கு மலை ஏறினே. உன்னைத் தூக்கிக்கிட்டுத்தான் அதைப் பறிச்சேன். உன்னால போகல. போகச் சொன்னவங்களால போச்சு." துணுக்கைக் கீழே போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள். முப்பத்தொரு வருஷப் பழக்கம். "வேலை போனா அப்பா கடையில லென்ஸ் தேய். அவருக்கும் ஜோக் கேட்க ஆள் கிடைக்கும்."

சின்னவள் சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ பிசகி, கண்ணில் வந்து நின்றது. அண்ணனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சமாதானம் என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை.

பின்னால் செருப்புச் சத்தம். துறைத்தலைவர் படியிறங்கி வந்தார். தேன் எல்லாம் வற்றியிருந்தது. மாமனார் பெயரைச் சந்தி சிரிக்க வைத்தாயிற்று, மகன் எதிர்காலத்தையும் கெடுத்தாயிற்று என்றார்.

"இன்னும் என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"மூணு அத்தியாயம்," என்றாள் அம்மா.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது ஐந்து நாள் கதையில் வராத சங்கதி.

"என் ஆராய்ச்சியோட முதல் மூணு அத்தியாயம். திருத்தித் தரேன்னு உங்க மாமனார் வாங்கி வெச்சார். திருப்பித் தரல. அடுத்த வருஷம் நீங்க அவர்கிட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தீங்க. ஒன்றரை வருஷத்துல முடிச்சும் கொடுத்தீங்க. சுறுசுறுப்பான பையன்னு எல்லாரும் சொன்னாங்க."

எந்த அத்தியாயம் என்று அவர் கேட்டிருக்கலாம். வாய்க்கு வந்ததைப் பேசாதீர்கள் என்று கோபப்பட்டிருக்கலாம். குற்றமில்லாத மனிதனுக்கு அந்த இடத்தில் கேட்பதற்கு நூறு கேள்வி இருக்கிறது. அவருக்கு வாயில் வந்தது நூற்றோராவது கேள்வி.

"நகல் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

கேட்ட பிறகுதான் கேட்டது அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும்.

"இருக்கு," என்றாள் அம்மா. நிதானமாகப் படியிறங்கினாள்.

சின்னவள் பின்னாலேயே ஓடினாள். போன வருஷம் வீடு மாறியபோது ஒவ்வொரு காகிதத்தையும் கட்டி அவிழ்த்தவள் அவள். அண்ணன் மூன்றாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய முட்டைகூட அந்த வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அப்படியொரு அத்தியாயம் இல்லவே இல்லை.

"வீட்டுல எதுவும் இல்லையேம்மா," என்றாள், குரலைத் தாழ்த்தி.

"வீட்டுல யாரு சொன்னா? நூலகத்துல இருக்கு. இந்த மருமகன் பேர் போட்டு, அட்டை கட்டி, அடுக்கி வெச்சிருக்காங்க. அதுல இருக்கற ஒவ்வொரு செடியும் என் வரிசை நம்பர்லதான் இருக்கும். அவர் மட்டும் மாத்தியிருப்பாரா என்ன." அம்மா நடையை எட்டிப் போட்டாள். "நூலகம் அஞ்சு மணிவரைக்கும் உண்டு இல்ல?"

பேருந்து நிறுத்தம் இடப்பக்கம். அம்மா வலப்பக்கம் திரும்பினாள்.

சின்னவள் ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டில் நின்ற துறைத்தலைவருக்கு, அம்மா எந்தப் பக்கம் போகிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவரும் அதே திசையில் நடக்கத் தொடங்கினார். நடை ஓட்டமாகிக்கொண்டிருந்தது.